செரோட்டோனின் மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதித் தரும் சீட்டை வாங்கிப் படித்து, மாத்திரையை எடுத்துக் கொடுத்து, எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பும் மருந்தாளுநர் நான். மனச்சோர்வு, பதற்றம், ஒற்றைத் தலைவலி, மலச்சிக்கல், வாந்தி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்களுக்காக வரும் சீட்டுகளில் செரோட்டோனின் ஏற்பிகளைத் தொடும் மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. செரோட்டோனின் என்பது அணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்; அந்தச் செய்தியை அணுவில் வாங்கிக்கொள்ளும் இடம்தான் ஏற்பி. அவற்றை எழுதும்போது நோயாளியிடம் கூடுதலாக இரண்டு நிமிடம் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். இந்த மருந்து பசியை மாற்றலாம், தூக்கத்தை மாற்றலாம், எரிச்சலையும் ஆசையையும்கூட மாற்றலாம். அப்படி மாறினால் அது உங்கள் குணக்கேடு இல்லை, மருந்தின் வேலை; உடனே வந்து சொல்லுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இது பலருக்குப் போய்ச் சேர்வதில்லை.

சேராததால் என்ன ஆகிறது என்பது மருந்துக்கடைக் கவுன்டரில் தெரியும். ஒரு பெண், கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்தார். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, பசியைக் கட்டுப்படுத்துற மாதிரி மாத்திரை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நடுராத்திரியில் எழுந்து, விளக்குகூடப் போடாமல், சமையலறையில் நின்றபடியே கையில் கிடைத்ததைச் சாப்பிடுகிறாராம். பிஸ்கட் டப்பாவை எங்காவது ஒளித்து வைக்கும்படி அவரே வீட்டில் சொல்லியிருக்கிறார். "எனக்கு வாயைக் கட்டத் தெரியலக்கா" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய அட்டையில் மனச்சோர்வுக்கு எழுதும் மிர்ட்டாசபின் இருந்தது.

அந்த மாத்திரை செரோட்டோனினின் ஏற்பி வகைகளில் 2சி என்பதை அடைக்கிறது. ஹிஸ்டமின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் ஒரு ஏற்பியையும் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பசி ஏறும். உண்ணாமல் உறங்காமல் மெலிந்துபோனவருக்கு இந்தக் குணத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள். உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. மனம் தெளியட்டும் என்று தொடங்கிய மருந்து, தன்னைத்தானே வெறுக்க இன்னொரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது. எனக்கு மருந்தைவிட இதுதான் அதிகம் வலித்தது.

மனநிலைக்கும் செரோட்டோனினுக்கும் தொடக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1948-ல் க்ளீவ்லண்ட் கிளினிக்கில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் இதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தபோது, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள் எது என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பமர் இதையே அதற்கும் முன்பு குடலில் கண்டு வேறு பெயர் வைத்திருந்தார். பாலூட்டிகளின் மூளையிலும் இது இருக்கிறது என்று 1953-ல் காட்டிய பெட்டி ட்வாரோக், அதற்கு முன் ஆராய்ந்தது கடல் மட்டியின் தசையை. இன்றும் உடலின் செரோட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை, உணவிலிருந்து வரும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. அந்த ஒரே பொருளை ஏற்க 7 குடும்பங்களில் 14 வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்றைத் தூண்டினால் பசி அடங்கும். இன்னொன்றைத் தூண்டினால் வயிறு நிறைந்த எலியும் மறுபடி தின்னத் தொடங்கும்.

எலி என்று சொன்னது கற்பனை இல்லை. 1ஏ ஏற்பியைத் தூண்டும் ஒரு சோதனை மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தபோது, வயிறு நிறையத் தின்றிருந்த எலிகள் சில நிமிடங்களில் மீண்டும் உணவை நோக்கிப் போயின. 1ஏ ஏற்பி செரோட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்களின் மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். அங்கே அது ஒரு பிரேக். அதைத் தூண்டினால் மூளைத்தண்டின் ராஃபே அணுக்கள் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. செரோட்டோனின் ஏற்பியைத் தூண்டும் மருந்து செரோட்டோனினையே குறைக்கும் இந்த விந்தையை, நோயாளிக்குப் புரியும் விதத்தில் சொல்லவே முடியாது என்று நினைக்க வேண்டாம். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், புரிந்துகொள்கிறார்கள்.

பதற்றத்துக்கு எழுதும் பஸ்பிரோன் வேலை செய்யும் இடமும் இதே 1ஏ ஏற்பிதான். முழுத் தூண்டல் இல்லை, பாதித் தூண்டல். முதல் நாட்களில் அந்த பிரேக் அழுந்துகிறது. நாள் ஆக ஆக ராஃபேயில் இருக்கும் ஏற்பிகள் மரத்துப்போகின்றன, சுரப்பு மீள்கிறது. 2 முதல் 4 வாரம் ஆகும் என்று நீங்கள் படித்ததன் பின்னணி பெரும்பாலும் இதுதான். பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, "இது எனக்கு ஒத்து வரல, பழையபடி அல்பிரசோலமே குடுங்க" என்று வந்து நிற்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பஸ்பிரோன் பழக்கமாகாது; அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகை மருந்து ஆகும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம், கொஞ்சம் தலைசுற்றலாம், விட்டுவிடாதீர்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் அந்தத் தவறான திருப்பத்தில் திரும்பியிருக்க மாட்டார்.

பசிக்குத் திரும்புகிறேன். இந்த மடலில் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்க நினைக்கிறேன். மனநிலை மாறுவதற்கு வாரங்கள் ஆகலாம். பசியோ சில நாட்களிலேயே மாறிவிடக்கூடும். நோயாளி முதலில் கவனிப்பது அதைத்தான், முதலில் வெட்கப்படுவதும் அதற்குத்தான். ஹைப்போதலாமஸின் அடியில் வளைவு உட்கரு என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள ஒரு வகை நரம்பணுக்களில் 2சி ஏற்பி தூண்டப்பட்டால், அவை மெலனோகார்ட்டின் என்ற செய்தியை அனுப்பி, போதும் என்ற உணர்வை எழுப்புகின்றன. இந்த ஏற்பி இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் அளவு தெரியாமல் தின்று கொழுத்தன. அவற்றுக்கு வலிப்பும் வந்தது. 1995-ல் வெளியான முடிவு அது. ஆக, போதும் என்று கையை எடுப்பதற்கு மன உறுதி மட்டும் போதாது, அதற்குக் கீழே ஒரு ஏற்பியும் ஒத்துழைக்க வேண்டும். 2சி ஏற்பியை அடைக்கும் மனநோய் மருந்துகளான ஓலன்சபினும் க்ளோசபினும் எடையைக் கூட்டுவதில் இதற்கும் பங்கு உண்டு. அந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவரிடம் "வாயைக் கட்டு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமே இல்லை.

இதே 2சி ஏற்பியைத் தூண்டி எடையைக் குறைக்க முயன்ற கதை, ஏற்பிகளை ஏன் பெயர் சொல்லிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ஃபென்ஃப்ளூரமின் செரோட்டோனினை வெளியேற்றும் மருந்து. உடலில் அது நார்ஃபென்ஃப்ளூரமினாக மாறுகிறது. அந்தப் பொருள் பசியை அடக்கும் 2சியையும் தூண்டும், இதய வால்வில் இருக்கும் 2பியையும் தூண்டும். 2பி தொடர்ந்து தூண்டப்பட்டால் வால்வின் அணுக்கள் பெருகி, வால்வு தடித்து, மூடாமல் கசியத் தொடங்கும். 1997-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஃபென்ஃப்ளூரமினையும் பசியடக்கும் இன்னொரு மருந்தான ஃபென்டர்மினையும் சேர்த்துச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு வால்வுக் கோளாறு இருந்ததை எழுதினார்கள். அதே ஆண்டு மருந்து சந்தையிலிருந்து போனது. ஒல்லியாக வேண்டும் என்று மாத்திரை சாப்பிட்டவர்கள் இதய அறுவை சிகிச்சை மேசையில் படுத்தார்கள்.

பிறகு 2பியைத் தொடாமல் 2சியை மட்டும் குறிபார்த்து லோர்கசெரின் வந்தது. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி. சுமார் 12,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில் வால்வு தப்பித்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் பதிவானது. வித்தியாசம் சிறிதுதான், இருந்தும் 2020 பிப்ரவரியில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. அதே 2020-ல் ஃபென்ஃப்ளூரமின் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது: ட்ராவே நோய்க்குறி என்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்புக்கு, குறைந்த அளவில். இம்முறை தொடங்கும் முன் எக்கோ என்ற இதய ஸ்கேன், நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, நிறுத்திய பின்பும் எக்கோ. அதே மருந்து, அதே ஏற்பிகள். மாறியது கூடவே வந்த கவனிப்பு. மற்ற மருந்துகளுக்கும் அந்தக் கவனிப்பில் கொஞ்சமாவது கேட்கிறேன்.

நடத்தைக்கு வருகிறேன். வெட்டுக்கிளி தனியாக இருக்கும்போது இன்னொரு வெட்டுக்கிளியைக் கண்டால் விலகிப் போகும் பூச்சி. நெருக்கடியில் அடைபட்டால் இரண்டே மணி நேரத்தில் அதன் மார்பு நரம்பு முடிச்சுகளில் செரோட்டோனின் ஏறி, அது கூட்டத்தைத் தேடிப் போகும் பூச்சியாகிவிடுகிறது. செரோட்டோனின் வேலை செய்யாதபடி தடுத்தால் நெரிசலிலும் அது தனிமை விரும்பியாகவே இருக்கிறது. 2009-ல் வெளியான ஆய்வு இது. 1பி ஏற்பி இல்லாத எலிகள் தங்கள் கூண்டுக்குள் நுழைந்த அந்நிய எலியின்மீது மற்ற எலிகளைவிட வேகமாகப் பாய்ந்தன. ஒகினாவாவில், ராஃபே அணுக்களை ஒளியால் இயக்கியபோது உணவுக்காகக் காத்திருந்த எலிகள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தன. மனிதர் எலியும் அல்லர், பூச்சியும் அல்லர். இவற்றை அப்படியே நம்மேல் ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் பொறுமை, சினம், கூட்டத்தை நாடுதல் என்று நாம் குணக் கணக்கில் எழுதிவைக்கும் பலவற்றின் அடியில் இந்த மூலக்கூறு நடமாடுகிறது என்பதை மறுக்க முடியாது.

மனிதரிடத்திலேயே சான்று வேண்டுமென்றால் ஃப்ளிபான்செரினைப் பாருங்கள். 1ஏ ஏற்பியைத் தூண்டி 2ஏ ஏற்பியை அடைக்கும் இந்த மருந்தை முதலில் மனச்சோர்வுக்குத்தான் சோதித்தார்கள். மனச்சோர்வுக்கு அது பயன்படவில்லை. 2015-ல் மாதவிடாய் நிற்காத பெண்களின் பாலுணர்வுக் குறைவுக்கு அனுமதி பெற்றது. எதிர்த் திசையில், செரோட்டோனினைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள் பலருக்கு ஆசையை அவித்துவிடுகின்றன. கணவன் மனைவிக்குள் இது என்னவெல்லாம் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "அவருக்கு என்மேல இருந்த பிரியம் போயிடுச்சு" என்று ஒருவர் உள்ளுக்குள் முடிவுகட்டிக் காத்திருக்கிறார்; மற்றவரோ தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டும் இல்லை, மாத்திரை என்று யாராவது சொல்ல வேண்டாமா? நோயாளி தானாக இந்தப் பேச்சை எடுக்க மாட்டார். நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

மனநோய்க்கு எழுதும் அரிப்பிப்ரசோலும் 1ஏ ஏற்பியைப் பாதியாகத் தூண்டுகிறது. அடக்க முடியாத சூதாட்டம், சாப்பாடு, பொருள் வாங்கும் வெறி ஆகியவை அதனால் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. இதற்கு மூளையின் இன்னொரு செய்தி கடத்தும் பொருளான டோபமின்தான் முக்கியக் காரணம் என்பதே பொதுவான கருத்து. செரோட்டோனின்மேல் பழி போடவில்லை. ஆனால் நோயாளிக்கு எந்த ஏற்பி என்பதா முக்கியம்? சேமிப்பு கரையும் முன் அவரையும் வீட்டாரையும் எச்சரித்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

2ஏ ஏற்பியைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மாயக் காட்சிகளைத் தரும் எல்எஸ்டியும் சைலோசிபின் காளான்களும் வேலை செய்யும் இடம் அது. 2ஏவை அடைக்கும் கெட்டன்செரினை முன்பே கொடுத்தால் சைலோசிபினின் மயக்கக் காட்சிகள் எழுவதில்லை என்று 1998-ல் சுவிட்சர்லாந்தில் காட்டினார்கள். அதே 2ஏவைத் தூண்டும் லிசுரைடு அந்தக் காட்சிகளைத் தருவதில்லை. ஒரே ஏற்பியைக்கூட ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதமாகத் தூண்டும். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்குத் தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசிபினை எழுத வழிவிட்டது. இந்தச் செய்திகளைப் படித்த நோயாளிகள் தாங்களாகவே எதையாவது தேடிச் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர்கள் இவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டு வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. அதனால் கண்டிக்காமல், முகம் சுளிக்காமல் கேளுங்கள். கண்டித்தால் உண்மை வராது.

வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கும் இதே முக்கியத்துவம் வேண்டும். இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், வலிக்கு எழுதும் டிரமடோல், கிருமிக்கொல்லியான லினசோலிட் மூன்றும் செரோட்டோனின் கணக்கில் சேருகிறவை. 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில், ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 18 வயது மாணவிக்கு பெத்திடின் என்ற வலிநிவாரணி போடப்பட்டது. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு அந்த மாநிலத்தில் வரம்பு வந்தது அந்த மரணத்தால்தான். நடுக்கம், வியர்வை, நிலைகொள்ளாமை, வயிற்றுப்போக்கு, கணுக்காலை மேல்நோக்கி மடக்கினால் தாளம்போல் துடிக்கும் பாதம்: செரோட்டோனின் அளவு மீறினால் வரும் நச்சு நிலையின் இந்த அறிகுறிகளை மருந்து தொடங்கும்போதே வீட்டாரிடம் சொல்லலாம். அதேவேளை பயத்தில் மறுபக்கம் சாய்வதும் தவறு. இரண்டும் சேர்ந்தால் அந்த நச்சு நிலை வரலாம் என்று 2006-ல் வந்த ஓர் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு, எஸ்எஸ்ஆர்ஐ சாப்பிடுகிறவர்களுக்கு ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான்களை அடியோடு மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரிப்டான்கள் தூண்டுவது 1பி, 1டி ஏற்பிகளை. செரோட்டோனின் நச்சு நிலைக்கு முக்கியமான 2ஏவை அவை பெரிதாகத் தொடுவதில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் அந்த ஆபத்து மிக மிக அரிது என்றே காட்டின. அங்கே கேட்க வேண்டியது இதயத்தைப் பற்றி: 1பி ரத்தக் குழாயைச் சுருக்கும், இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு டிரிப்டான் ஆகாது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். வெளியே வரிசை நிற்கிறது, நேரம் இல்லை. பக்கவிளைவைச் சொன்னாலே அது வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்; பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள். இரண்டாவதில் உண்மை இருக்கிறது. எதிர்பார்ப்பே குமட்டலை வரவழைக்கும். ஆனால் சொல்லாமல் விட்டவர்கள் மருந்தை விடாமலா இருக்கிறார்கள்? அவர்கள் உங்களிடம் சொல்லாமல் விடுகிறார்கள், ஒரே நாளில் விடுகிறார்கள். பிறகு தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்றும் தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றும் என்னிடம் வருகிறார்கள். நோய் திரும்பிவிட்டது என்று அவர்களும் நினைக்கிறார்கள். முதல் வாரத்துக் குமட்டல் குடலின் 3 வகை ஏற்பியால் வருவது, பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும் என்று தெரிந்தவர் அதைத் தாண்டிப் போகிறார். 25 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் பேசாமல் இருக்கவே கூடாது. மனச்சோர்வு மருந்து தொடங்கும் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை, சிறார்களுக்காக 2004-லும் 24 வயது வரையிலானவர்களுக்காக 2007-லும் தொடங்கி, அமெரிக்காவில் பெட்டி கட்டி அச்சிடப்படுகிறது. பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும் என்று அந்தத் தாளைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட முடியாது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். "உங்களுக்கு செரோட்டோனின் குறைவு" என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள். மூளையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022-ல் எழுதினார்கள். மருந்து பயன்படாது என்பது அதன் பொருள் அன்று. பாரசிட்டமால் குறைவால் தலைவலி வருவதில்லை, ஆனாலும் பாரசிட்டமால் கேட்கிறது. குறை என்று சொன்னால் நோயாளி தன்னை ஊனப்பட்டவராக எண்ணிக்கொள்கிறார்; ஊட்டச்சத்துப் பொடியையும் மூலிகை மாத்திரையையும் தேடிப் போகிறார். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையை எஸ்எஸ்ஆர்ஐயோடு சேர்த்துச் சாப்பிடுவது விளையாட்டு அல்ல.

அந்தப் பெண்ணுக்கு நான் பசியடக்கும் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் போய் ராத்திரி நடப்பதை இப்படியே சொல்லுங்கள் என்றேன். "இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிக்கா சொல்றது, ஒரு மாதிரி இருக்கே" என்றார். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன்: மருந்து தொடங்கிய தேதி, அன்றைய எடை, இன்றைய எடை. அன்றைய எடையை யாரும் குறித்து வைத்திருக்கவில்லை என்பதால் நடு வரி காலியாகவே போனது.

அடுத்த சீட்டை எழுதும்போது ஓரத்தில் எடையைக் குறித்து விடுங்கள். இரண்டு வாரத்தில் ஒருமுறை வரச் சொல்லுங்கள். வந்ததும் "மனசு எப்படி இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் பசி, தூக்கம், கோபம், செலவு, தாம்பத்தியம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்களிடம் சொல்லச் சொன்னாலும் சொல்கிறோம், அதற்காகத்தான் கவுன்டரில் நிற்கிறோம். சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எதற்காக என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். பதற்றத்துக்கா, தூக்கத்துக்கா, தலைவலிக்கா என்று ஊகித்துக்கொண்டு ஒருவரிடம் இதையெல்லாம் பேச எங்களுக்குத் துணிவு வருவதில்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்